இரண்டு மழைக்கு நடுவே ஒரு பரணி வெயில்: தெரியுமா?

மற்ற ஊர்க்காரர்கள் வெயிலைத் திட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வெயிலை எண்ணுவார்கள். ஏன் தெரியுமா? இங்கே மழை இரண்டு தடவை வரும். ஜூன் பிறந்ததும் அரபிக்கடல் பக்கமிருந்து தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து, கொடியில் கிடக்கிற துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் போக மிச்சம் தையிலிருந்து பங்குனி வரை. கோடைமழை மனசு வைத்தால் சித்திரையிலும் சில நாள். வருஷம் முழுக்க அடுக்களைக்கு வேண்டியதை அந்தச் சில வாரங்களில் பிடித்துப் பரணியில் அடைத்தாக வேண்டும். (மற்ற ஊரில் ஜாடி; எங்களுக்குப் பரணி.) கும்பப்பூ அறுப்பு மாசியில் முடிந்து களம் காலியாவதும் அப்போதுதான். நெல் போன இடத்தில் பாய் விரியும். பாயில் மாங்காய், மிதுக்கங்காய், சீனியவரைக்காய், சுண்டைக்காய்.

எங்கள் ஆச்சிக்கு வானிலை அறிக்கை தேவைப்பட்டதில்லை. மருந்துவாழ்மலைக்கு மேலே ஒரு துண்டு மேகம் கறுத்தால் போதும், "மக்கா, ஓடு, பாயச் சுருட்டு, மழை வருகு" என்று குரல் வந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் மூன்று வேலை: காக்கா விரட்டுவது, பாய் சுருட்டுவது, விரட்டுகிற சாக்கில் உப்புப் பிடித்த மாங்காய்த் துண்டை வாயில் போடுவது.

காலையில் சுளவு கொள்ளாமல் அரிந்து போட்ட மாங்காய், மூன்றாம் நாள் ஒரு படிக்குள் அடங்கிவிடும். போனதெல்லாம் தண்ணீர்! பச்சைக் காயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதும், நம் உணவைக் கெடுக்கிற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அந்தத் தண்ணீர்தான் உயிர் என்பதும் தெரியுமா? காயைக் கொல்ல வேண்டாம், கிருமியைத் தேடி அடிக்க வேண்டாம், தண்ணீரை மட்டும் பிடுங்கிவிட்டால் கிருமிகள் பட்டினி கிடக்கும். வெயில் ஒரு பக்கம் இழுக்கும், உப்பு இன்னொரு பக்கம் இழுக்கும். சுண்டைக்காயை நசுக்கி மோரில் ஊறப்போடுவது கசப்பைக் குறைக்க மட்டும் இல்லை. மோரின் புளிப்பும் காவலுக்கு வந்து நிற்கிறது. ஒரு சுண்டவத்தலுக்குள் உப்பு, புளிப்பு, வெயில் என்று மூன்று பூட்டு!

சரி, வத்தலை விடுங்கள். இந்த மாவட்டத்தில் பதப்படுத்திய உணவில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? ஊறுகாய்க்கு இல்லை, கருவாட்டுக்கும் இல்லை. தினமும் தட்டில் விழுகிற புழுங்கல் சோற்றுக்கு!

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அப்புறம் குத்துவது புழுங்கல். அவிக்கும்போது அரிசி இறுகிவிடும். குத்தினால் நொறுங்காது, வண்டு துளைக்கவும் மெனக்கெட வேண்டும். பத்தாயத்தில் போட்டு வைக்கத் தோதாக யாரோ ஒரு பெயர் தெரியாத பாட்டி கண்டுபிடித்த ஏற்பாடு இது. ஆனால் அவளுக்கே தெரியாத ஒன்று உள்ளே நடந்தது. அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கிற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. மேலே எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும்.

இதனால் என்ன என்கிறீர்களா? நூற்றாண்டுக்கு முன் மலாயாவுக்குப் போவோம். தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஆட்கள் காலில் உணர்ச்சி போய், வீங்கி, இதயம் நின்று செத்துக்கொண்டிருந்தார்கள். பெரிபெரி. சீனத் தொழிலாளிகளிடம் ஏராளம். தமிழ்த் தொழிலாளிகளிடம் மட்டும் அபூர்வம். இரண்டு பேருக்கும் சோறுதான் உணவு. பிராடன் என்ற மருத்துவர் 1907ல் வெளியிட்ட நூலில் விரலை நீட்டியது அரிசிப் பானையின் மேல்: சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல்! அதற்குச் சற்று முன்பு, 1905 வாக்கில், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்குப் பச்சரிசியும் இன்னொரு பக்கத்துக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் ஆட்கள் விழுந்தார்கள், புழுங்கல் பக்கம் எழுந்து நடமாடினார்கள். (மனநோயாளிகளை வைத்து இப்படியொரு சோதனையா என்று இன்று கேட்கத்தான் தோன்றுகிறது.) ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு இதே முடிச்சைத் தொட்ட ஐக்மன் என்ற மருத்துவருக்கு 1929ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல் அவித்த நம் பாட்டிக்குக் கிடைத்தது கண்ணெரிச்சல்.

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் கதாநாயகன் மாறிவிடுகிறார்: மரச்சீனி. பிரேசில் நாட்டுக்காரரான இந்தக் கிழங்கு போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தவர். அவரைத் திருவிதாங்கூரில் ஏழைகளின் அடுப்புவரை கொண்டுபோனவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் கொச்சியிலும் இருந்ததால் மகாராஜாவின் கிழங்கு எங்கள் கிழங்கும் ஆனது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, வீடுகளைத் தாங்கிப் பிடித்தது இதுதான்.

இந்தக் கிழங்குக்குள் விஷம் இருக்கிறது, தெரியுமா? கடித்தாலோ வெட்டினாலோ சயனைடு கிளம்புகிற ஒரு பொருளைப் பூச்சிக்கு எதிராகக் கிழங்கு வைத்திருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுப்பு நரம்பு ஓடிக் கெட்டும் போகும். ஆகவே நறுக்கி, அரைவேக்காட்டில் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, பாறையில் பரப்பி, கல்லுப்போலக் காயவிட்டு, சாக்கில் கட்டிவைப்பார்கள். வெட்டும்போது கொஞ்சம், வடிக்கிற தண்ணீரோடு கொஞ்சம், வெயிலில் கொஞ்சம் என்று விஷத்தின் பெரும்பகுதி வெளியேறிவிடும். கெடாமலிருக்கச் செய்த வேலை, விஷத்தையும் சேர்த்து இறக்கிவிட்டது! ஆடி மழையில் கூரை சொட்டும்போது அந்த வில்லைகளை ஊறவைத்து வேகவைத்து, கருவாட்டுக் குழம்போடு தின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குழம்பு என்றதும் கருவாடு வந்துவிட்டது. கடலுக்கே இரண்டு காலண்டர் வைத்திருக்கிற மாவட்டம் இது, தெரியுமா? விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை, கிழக்குக் கரையைச் சேர்ந்த சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15ல் தொடங்கும். மேற்குக் கரையைச் சேர்ந்த குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூன் 1ல் தொடங்கும். ஒரே மாவட்டம், ஒரே சட்டம், இரண்டு தேதி. மேற்கே அலை சுவர் மாதிரி எழும்புகிற ஆனி ஆடியில் பரணில் தொங்கும் கருவாட்டுக் கடவம்தான் மீன்கடை. உப்புக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. புத்தளம், சாமிதோப்பு அளங்களில் வெயிலே உப்பை விளைவித்துக் கொடுத்துவிடும். வெயில் செய்த உப்பைத் தடவி வெயிலிலேயே மறுபடி போடுகிற வேலை.

சுறாக் கருவாட்டைத் திறந்தால் மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வாடை அடிக்கிறதே, அது அழுகல் என்று நினைத்திருக்கிறீர்களா? சுறா தன் உடம்பிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்துக்கொள்கிற பிராணி. கடலின் உப்பு அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. செத்த பிறகு அந்த யூரியா அமோனியாவாக மாறுகிறது. நல்ல கருவாட்டிலும் அந்த வாடை இருக்கும். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் சுறாவைத் தேடி ஆழ்கடலில் நாள்கணக்கில் கிடக்கிறவர்கள். அவர்கள் பக்கத்து அடுக்களைகளில் இந்த வாடைக்கு மூக்கைப் பொத்தினால் விருந்தாளி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாசிக்கருவாடு தனி ஜாதி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து, கடைசியில் மரக்கட்டை போல ஆக்கியது. உடைக்க அம்மிக்கல் வேண்டும். மாலத்தீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். அங்கிருந்துதான் நம் மாசி. இலங்கையில் சிங்களவர் இதை உம்பலகட என்பார்கள்; ஜப்பானியரின் கட்சுவோபுஷி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா, அங்கே மீனைப் புகைபோட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆக, தேங்காயும் மாசியும் வத்தலும் வைத்து இடிக்கிற சம்மந்தித் துவையலுக்குப் பின்னால் குறைந்தது 650 வருஷ ஏற்றுமதி வியாபாரம் இருக்கிறது!

ஊறுகாயை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதை எல்லா ஊரும் சொந்தம் கொண்டாடும். மாவடுவைக் காடியில் போட்டு வைத்த செய்தி பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது என்பது மட்டும் போதும். அப்புறம், ஈரக்கரண்டியைப் பரணிக்குள் விட்டவர்களை ஆச்சிமார் திட்டியது வெறும் சிடுசிடுப்பு இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் உப்பு நீர்த்துப்போகும், அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சை வீடு கட்டும்.

கருப்பட்டிக்கு வருவோம். பனையில் கட்டுகிற கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, எதற்குத் தெரியுமா? தடவாவிட்டால் இறக்குவதற்குள் கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டுக்குச் சுண்ணாம்பின் காரம் ஆகாது. வேலை நிறுத்தம் செய்துவிடும். தடவினால் அக்கானி. (மற்றவர்களுக்குப் பதநீர்.) ஒரே மரம், ஒரே பாளை, ஒரு விரல் சுண்ணாம்பில் போதையும் இனிப்பும் பிரிகின்றன! அக்கானியைக் காய்ச்சிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் அரைவட்டக் கருப்பட்டி. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் அக்கானி வற்ற வேண்டும். ஆனால் சாரல் காற்றில் கருப்பட்டி ஈரத்தைக் குடித்து இளகிவிடும். அதனால்தான் அதன் இடம் அடுப்புக்கு நேர் மேலே, புகை படுகிற பரண். எங்கள் வீட்டுக் கருப்பட்டியில் ஒரு மெல்லிய புகைமணம் இருக்கும். கடையில் வாங்குகிறதில் அது இல்லாததால் எனக்கு எதுவும் கருப்பட்டியாகவே படுவதில்லை.

இனிமேல் சொல்லப்போவதை நம்பமாட்டீர்கள். மார்த்தாண்டம் தேன் என்று பெயர்பெற்ற தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை, தெரியுமா?

ரப்பர் இலையிலிருந்து! மார்கழி வாக்கில் ரப்பர் மரம் இலையை உதிர்க்கும். தை மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேர்கிற இடத்தைப் பாருங்கள்; சின்னச் சின்னச் சுரப்பிகள், அதில் பனித்துளி மாதிரி இனிப்பு நீர். தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு போகின்றன. மீண்டும் அதே தை, மாசி, பங்குனி! நாங்கள் களத்தில் பாய் விரிக்கிற அதே நாட்களில் அவையும் அடை கட்டுகின்றன. கொண்டுவந்த நீரைச் சிறகால் விசிறி விசிறி ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மிஞ்சுகிறவரை வற்றவைத்து, மெழுகால் மூடி முத்திரை வைக்கின்றன. வத்தல் போடுகிற அதே தத்துவம், மூடிபோட்ட பாட்டிலும் சேர்த்து!

தேனீ வளர்ப்பை 1920களில் இங்கே குடிசைத் தொழிலாக வளர்த்ததில் மார்த்தாண்டத்தில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்துக்கும் அதை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்சுக்கும் பெரிய பங்கு. நாட்டுத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ற சின்ன மரப்பெட்டியை அதற்கும் முன்பே வடிவமைத்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். நியூட்டன் பெட்டி என்றுதான் இன்றும் பெயர். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூடு என்ற வைரஸ் நோய் வந்து தெற்கே தேனீக்கூட்டங்களைக் கொத்துக்கொத்தாக அழித்தது. பெட்டிகள் காலியாகக் கிடந்த தோப்புகளைப் பார்த்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து சர்க்கரை மாதிரி ஆகும். உறைந்தால் கலப்படம் என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறவர்களே, அது குளுக்கோஸ் அதிகமான தேனின் குணம். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இன்னொன்று: பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு சேனை வைக்கிற வழக்கத்தை ஒரு வயது முடிகிறவரை தள்ளிப்போடுங்கள். தேனில் சில நேரம் பொட்டுலிசம் கிருமியின் விதைகள் உறங்கிக்கிடக்கும். பெரியவர் வயிறு சமாளித்துவிடும், பச்சைப்பிள்ளை வயிறு சமாளிக்காது.

இந்தப் பொட்டுலிசம்தான் பாட்டிலில் அடைக்கிற வித்தையின் வில்லனும். வித்தையின் கதை தெரியுமா? தலைக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் வெள்ளைக்காரனோடு மோதி உயிரை விட்டது 1809ல். அதற்கு மறு ஆண்டு, பாரிஸில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்று காட்டி பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் வாங்கினார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது! கிருமி என்று ஒன்று இருப்பதைப் பாஸ்டர் நிரூபிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதைவிட வேடிக்கை: 1810லேயே தகர டின்னுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியாயிற்று, டின் திறப்பான் வந்ததோ சுமார் 45 வருஷம் கழித்து! அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

நானும் அப்பேர் ஆகப் பார்த்திருக்கிறேன். ஒரு சித்திரையில் மாம்பழக்கூழைக் காய்ச்சி, பழைய காபித்தூள் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுகத் திருகி, பெருமையோடு பரணில் அடுக்கினேன். பாட்டிலைக் கொதிநீரில் போடவில்லை. கூழே சூடாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு. பத்தாம் நாள் நடுராத்திரி அடுக்களையில் ஒரு வெடிச்சத்தம். மூடி ஓட்டில் மோதி எங்கோ விழுந்திருந்தது. கூழ் புளித்து, வாயு முட்டி, உத்திரத்திலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மைனி விளக்கைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கள்ளு எறக்கினியா கொழுந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

வெடித்தது நல்லது என்பேன். வெடிக்காமல், மணம் மாறாமல், உள்ளேயே நஞ்சு சேர்வதுதான் பயங்கரம். மாங்காய், நெல்லி, எலுமிச்சை, புளி எல்லாம் புளிப்பானவை. அமிலத்தை அளக்கிற பி.எச். கணக்கில் 4.6க்குக் கீழே நிற்பவை. அங்கே பொட்டுலிசம் கிருமி வளராது. பாட்டிலோடு கொதிநீரில் வேகவைத்தால் போதும். மீன், இறைச்சி, பயறு, தேங்காய் சேர்ந்த கறிகள் எல்லாம் அதற்கு மேலே. அவற்றை அடைக்க வேண்டுமானால் 121 டிகிரிச் சூடு வேண்டும், அதுவும் பாட்டிலின் நடுவயிறு வரைக்கும். நம் குக்கரும் அந்தச் சூட்டை ஒட்டித்தானே போகிறது என்று மீன்கறியைப் பாட்டிலில் அடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் சூடு போய்ச் சேர்ந்ததா என்று விசில் சொல்லாது. அதற்குக் கருவாடு எவ்வளவோ மேல்.

அப்படியானால் டின்னில் அடைக்கிற தொழில் இந்த மண்ணுக்கு வரவே இல்லையா? வந்தது, அண்டி ஆபீஸ் வழியாக! கொல்லாங்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அண்டி ஆபீஸ். கொல்லத்தில் வேர்விட்டு மார்த்தாண்டம் பக்கமெல்லாம் பரவிய தொழில். ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து உடைத்து, தோலுரித்து, தரம் பிரிப்பார்கள். அமெரிக்கா போகிற கப்பலில் பருப்புக்கு வண்டு பிடிக்காமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ பருப்பைச் சதுரத் தகர டின்னில் கொட்டி, உள்ளே இருக்கிற காற்றை இழுத்துவிட்டு, கரியமில வாயுவை நிரப்பி, ஈயத்தால் பற்றவைத்தார்கள். சோடா பாட்டிலில் இருக்கிற அதே வாயு! மூச்சுக்குக் காற்றில்லாமல் வண்டு செத்துப்போகும், எண்ணெய் சிக்குப் பிடிக்காது. அந்த வாயுவைப் பருப்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள, டின்னின் பக்கங்கள் உள்வாங்கிப் பருப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கடல் ஆடினாலும் பருப்பு உடையாது.

கப்பலேறாமல் ஊரில் தங்கிவிட்ட டின்கள் வீடுகளுக்கு வந்தன. மேல்தகட்டை வெட்டி, கீல் வைத்த மூடி போட்டால் ஆயுசுக்கும் உழைக்கும். எங்கள் வீட்டு டின்னில் ஏத்தங்காய் உப்பேரி. தேங்காய் எண்ணெய் கொதிக்கும்போது காயை நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவித் தள்ளுவார்கள். முக்கால் வேக்காட்டில் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் தெளிப்பார்கள்! சட்டி ஒரு நிமிஷம் புலி மாதிரி உறுமும்; தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். உறுமல் அடங்கி, கரண்டியில் அள்ளும்போது கிலுகிலு என்று காய்ந்த சருகுச் சத்தம் கேட்டால் ஈரம் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். ஆறவிட்டு டின்னில் கொட்டி மூடினால் ஒரு மாதம் மொறுமொறுப்பு குறையாது என்பார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. ஆச்சி டின்னைப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். கீலுக்கு எண்ணெய் போடமாட்டாள். நாலாம் நாள் மத்தியானம், எல்லோரும் உறங்குகிற நேரம், 'க்ரீச்' என்று ஒரு சத்தம். "யாருலே அது?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும்போது வாய் நிறைய இருக்கும், பதில் சொல்ல வழியிருக்காது.